முதுகைப் பார்த்துக்கொள்ளவும்

வண்ணத்துப்பூச்சி பூவில் தேன் குடித்து மட்டுமே உயிர் வாழ்கிறது என்றொரு நம்பிக்கை பாலர் பாட்டில் தொடங்கிக் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் பரவிக் கிடக்கிறது. நாட்டு நலனை முன்னிட்டு இதை உடனடியாக மறுத்தாக வேண்டும். பூவில் இருப்பது தேனே அல்ல; தேன் என்பது தேனீ தன் வயிற்றில் போட்டுப் புரட்டி அடையில் கக்கி வைக்கிற பண்டம். பூவில் ஊறுவது வெறும் சர்க்கரைத் தண்ணீர். அதில் உப்புக் கிடையாது. உப்பில்லாமல் எந்த ஜீவனுக்கும் ஆகாது என்பதால் வண்ணத்துப்பூச்சியானது மாட்டு மூத்திரம் ஊறிய மண்ணிலும், சாணியிலும், கருவாட்டிலும், மனிதருடைய வியர்வையிலும் தன் சுருள் குழாயை நீட்டி உறிஞ்சுகிறது. இதில் அதற்கு யாதொரு கூச்சமும் இல்லை. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் முப்பத்து மூன்று வருஷம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற தையல்நாயகிக்கு இதெல்லாம் கரதலப் பாடம். அப்படியிருந்தும், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, மலையடிவாரத் தாவரவியல் பூங்காவின் வண்ணத்துப்பூச்சிக் கூடத்துக்குள், ஜெசிந்தாவின் புறங்கையில் ஒரு வெந்தய வரியன் வந்து உட்கார்ந்து இறக்கையை மூடி மூடித் திறந்தபோது, தையல்நாயகிக்கு அது பொறுக்கவில்லை. உப்பு, வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பொம்பளைக்கு வியர்க்கிறது, பூச்சி வருகிறது, அவ்வளவுதான். "மரகி, இங்க பாரேன், என்னைய விட்டுப் போக மாட்டேங்குது!" என்று ஜெசிந்தா கிசுகிசுத்தாள். மரகதவல்லி ஓடினார். முட்டி வலி என்று பஸ் படியில் ஏறுவதற்கு இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்த மரகதவல்லி, சிமெண்டுப் பாதையில் ஈரம் என்றும் பாராமல் ஓடினார்.

மரகி. அதென்ன மரகி. இருபத்தாறு வருஷம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி; மரகதவல்லி கணக்கு, தையல்நாயகி விலங்கியல்; ஒரே டப்பாவில் தயிர்சாதம், ஒரே பேருந்தில் வீடு. அவர் இவளை டீச்சர் என்பார், இவள் அவரை டீச்சர் என்பாள். மாப்பிள்ளை வீட்டார் தன்னை வந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போன நாளில்கூட, "விடுங்க டீச்சர், அவனுக்குக் குடுத்து வைக்கல" என்றுதான் மரகதவல்லி சொன்னார். அந்த டீச்சரைவிட நெருக்கமான சொல் உலகத்தில் இருக்க முடியாது என்று தையல்நாயகி நினைத்திருந்தாள். இப்போது மரகதவல்லியின் எதிர்வீட்டுக்குக் குடிவந்து எட்டு மாதம்கூட ஆகாத ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் வந்து, பேரில் பாதியைக் கத்தரித்துப் போட்டுவிட்டு மரகி என்கிறாள், இவரும் திரும்பிப் பார்க்கிறார். அவளைப் பதிலுக்கு ஜெசி என்கிறார். அந்த ஜெசி தன்னைவிட இரண்டு வயது மூத்தவள். இருந்தும் தன்னை வாய் நிறைய "தையலக்கா" என்று கூப்பிடுகிறாள். திருத்தலாம். பிறந்த வருஷத்தைக் கேட்டு, கழித்துக் காட்டித் திருத்தலாம். மேலே கம்பி வலைக்கு உள்ளே குழாய்களிலிருந்து புகை மாதிரி நீர் பொழிந்துகொண்டிருந்தது. மூச்சே ஈரமாக இருந்தது. கண்ணாடி மங்கியது. தட்டுகளில் வைத்திருந்த அழுகிய வாழைப்பழத்தின் நெடி, பள்ளிக்கூட ஆய்வகத்தில் விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அடிக்கிற நெடிக்கு ஒன்றுவிட்ட உறவாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, மரகதவல்லி ஜெசிந்தாவின் மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார், பூச்சி பறந்துவிடாமல்.

கண்சொட்டு மருந்தில்தான் வந்தது வினை. தை மாதம் மரகதவல்லிக்குக் கண்புரை அறுவை நடந்தது. மகன் புனேயிலிருந்து இரண்டு நாள் வந்துவிட்டுப் போனான். தையல்நாயகி தினமும் போனாள், போகாமல் இல்லை. கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தாளில் வரைந்து, பழைய லென்ஸ் எங்கே இருந்தது, புதிய லென்ஸ் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அம்புக்குறி போட்டு விளக்கினாள். ஒரு கண்ணில் கட்டோடு மரகதவல்லி மற்றக் கண்ணால் அதைப் பார்த்து, "அழகா வரைஞ்சிருக்கீங்க டீச்சர்" என்றார். ஒரு நாளைக்கு ஆறு தடவை மருந்து சொட்டு விட்டது யார் என்றால் ஜெசிந்தா. வந்தாள், "தலையச் சாய்ங்க" என்றாள், விட்டாள், போனாள். பத்தாவது நாள் சாய்ங்க, சாய் ஆனது. இருபதாவது நாள் மரகி. படம் இன்னும் மரகதவல்லி வீட்டு அலமாரியில்தான் இருக்கிறதா, அல்லது கண் சரியானதும் அதை நன்றாகப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டாரா என்று தையல்நாயகிக்குத் தெரியாது. கேட்கவில்லை. இப்படிப்பட்டதை எப்படிக் கேட்பது. பஸ்ஸில் வரும்போது மூன்று பேர் இருக்கையில் ஜெசிந்தா நடுவில் உட்கார்ந்துகொண்டாள், "எனக்கு சன்னல் ஆகாதுக்கா, வாந்தி வரும்" என்று. சன்னலோரம்தான் வாந்திக்கு நல்லது என்பதை உலகமே அறியும். அவளுடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மரகதவல்லி சொன்னார்: "டீச்சர், ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும். அங்க போய் பெஞ்சில உக்காந்து நிதானமாப் பேசுவோம்." அதிலிருந்து பதினெட்டு நிறுத்தம். அந்தப் பதினெட்டு நிறுத்தத்திலும் தையல்நாயகி ஒரே வீட்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தாள்: கீழ்த்தளம், இரண்டு அறை, வாசலில் அடுக்குச் செம்பருத்தி, கொல்லையில் துணி காயப்போட வெயில். போன மே மாதம் இருவரும் ஒன்றாக ஓய்வுபெற்ற அன்றே பேசி வைத்தது. ரெண்டு கிழவிகள் ரெண்டு வீட்டில் ரெண்டு பால் பாக்கெட் எதற்கு என்று மரகதவல்லிதான் ஆரம்பித்தார். வீட்டுக்காரரிடம் பங்குனி போகட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பங்குனி போய்விட்டது. சித்திரையும் பாதி போய்விட்டது.

விசயம் என்றால் என்ன விசயமாக இருக்கும். மூன்றாவதாக ஜெசிந்தாவும் அங்கே வருகிறாள் என்பதாக இருக்கலாம். இருக்கட்டும், கூடம் இருக்கிறது, கூடத்தில் படுக்கட்டும் என்று ஒரு நிமிஷம் பெருந்தன்மையாக நினைத்தாள். மறு நிமிஷமே அந்தக் கூடத்திலிருந்து மரகி மரகி என்று குரல் வந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் இந்தப் பூங்கா; பதினோரு வருஷமாக, மழை வெள்ளம் வந்த இரண்டு மாதமும் பெருந்தொற்று ஊரடங்கும் நீங்கலாக, தவறாத வழக்கம். அதற்குள் இன்றைக்கு ஒரு மூன்றாவது டிக்கெட். தையல்நாயகியின் நினைப்பு கடைசியில் எங்கே போய் மாட்டிக்கொண்டது என்றால், வெளிவாசல் அறையில். இந்தக் கூடத்துக்கு இரட்டைக் கதவு. வெளியே போகும்போது முதல் கதவைத் தாண்டினால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு ஓர் இருட்டறை, அப்புறம் இரண்டாவது கதவு. அந்த அறையில் பூச்சி எதுவும் உடம்பில் ஒட்டிக்கொண்டு வரவில்லையே என்று பார்க்க வேண்டும். தன் முதுகு தனக்குத் தெரியாதாகையால் கூட வந்தவர் பார்க்க வேண்டும். "ஒருத்தருக்கொருத்தர் முதுகப் பாத்துக்கங்க, பாத்துக்கங்க" என்று காக்கிக் கோட்டுப் போட்ட பேச்சியம்மா கோயிலில் திருநீறு கொடுப்பவர் மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாள். பதினோரு வருஷமாக மரகதவல்லி இவளுடைய கொண்டையை ஒதுக்கி, தோள்பட்டையில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, "சுத்தம் டீச்சர்" என்பார். தடவ வேண்டிய அவசியமே இல்லை, கண்ணால் பார்த்தாலே போதும். இதைத் தையல்நாயகி ஒருநாளும் அவருக்குச் சுட்டிக்காட்டியது கிடையாது. எதையும் சுட்டிக்காட்டாமல் விடாத தையல்நாயகி இதை மட்டும் விட்டாள். மாதத்துக்கு ஒரு தடவை. மற்றபடி அவளை இந்த உலகத்தில் பேருந்து நெரிசல் தவிர யாரும் தொடுவதில்லை. இன்றைக்கு மூன்று பேர். மூன்று பேர் இருந்தால் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், ஒருவர் சும்மா நிற்பார். இதற்குக் கணக்கு டீச்சர் தேவையில்லை.

அவளுடைய கைப்பையில் வாசலில் வாங்கிய மாங்காய்க் கீற்றுப் பொட்டலம் இருந்தது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவியது. முப்பத்து மூன்று வருஷத்து விலங்கியல் ஆசிரியை, கருவேப்பிலைச் செடி மறைவில் நின்று, யாரும் பார்க்கவில்லை என்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டு, ஒரு கீற்றை எடுத்துத் தன் இடது புறங்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தேய்த்துவிட்டுக் கையை நீட்டி நின்றாள். சோதனைக்கு ஒரு சாதாரணக் கையும் ஒப்பீட்டுக்கு வேண்டுமே என்று வலது கையையும் நீட்டினாள். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் யாரிடமோ எதையோ வேண்டிக்கொள்வது போல இருந்திருக்கும். நீலமாக ஒன்று வந்தது, புறங்கைக்கு ஒரு சாண் மேலே நின்று யோசித்தது, போய்விட்டது. மிளகாய்தான் காரணம். மிளகாய் இல்லாத கீற்றாக வாங்கியிருக்க வேண்டும். இல்லை, மிளகாய் இல்லை, வேறு ஏதோ. வெந்தய வரியனின் புழு எருக்கிலையைத் தின்று வளர்வது. எருக்கின் விஷம் பூச்சியான பிறகும் உடம்பில் நிற்கும். ஒரு தடவை கொத்திய பறவை கக்கிவிட்டு மறுபடி கிட்டே வராது. ஆகையால் அது யாருக்கும் பயப்படாமல் மெதுவாகப் பறக்கும். கசப்பாக இருந்தால் நிம்மதியாக இருக்கலாம், யாரும் தொட மாட்டார்கள் என்று பத்தாம் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லுவாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். பின்வரிசையில் ஒருத்தி சிரிக்காமல் பார்த்தாள் ஒரு வருஷம். அவள் பேர் நினைவில்லை. நினைவு இருக்க வேண்டியதெல்லாம் இருப்பதில்லை; இருக்கக் கூடாத ஒன்று மட்டும் நேற்று நடந்தது போல இருக்கிறது. மரகதவல்லியின் புருஷன் செத்த அன்று, கூடத்தில் ஐஸ் பெட்டி, வந்தவர்களெல்லாம் ஹார்ட் அட்டாக்காம் ஹார்ட் அட்டாக்காம் என்று பேசிக்கொண்டிருந்தபோது, தையல்நாயகி குரலைத் தணித்துத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள்: அட்டாக் வேறு, இதயம் நின்றுபோவது வேறு, இவருக்கு வந்தது இரண்டாவது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மரகதவல்லி நிமிர்ந்து இவளைப் பார்த்தார். பதினாறு வருஷமாக ஒன்றும் சொல்லவில்லை. சரியான தகவல்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்திலேயே அப்படித்தான் இருந்தது. சரியான தகவல்தானே.

"கைய நீட்டிக்கிட்டு என்ன டீச்சர் பண்றீங்க?" மரகதவல்லி பின்னால் நின்றிருந்தார். "ஈரப்பதம் பாத்தேன்" என்றாள் தையல்நாயகி. வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா வரவில்லை, கூட்டுப்புழுக்களைத் தொங்கவிட்டிருந்த கண்ணாடிப் பெட்டிப் பக்கம் தானாகவே நகர்ந்து போனாள். விசயம் தெரிந்துதான் நகர்கிறாள். எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இடம் விட்டு நகரும் அந்த நாசூக்கு, நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்கு வருவது. டாக்டர் உறவுக்காரர்களிடம் பேச வரும்போது நர்ஸ் இப்படித்தான் நகர்வாள். மரகதவல்லி புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "டீச்சர், அந்த வீட்டுக்கு நான் வரல." "ம்." "ஜெசி வீட்டு மாடி காலியாகுது. அங்க போயிரலாம்னு இருக்கேன். நீங்க தப்பா நெனக்கக் கூடாது." "மாடியா? ஒங்க முட்டிக்கு?" "பக்கத்துல ஆள் இருக்காளேன்னுதான்." "காரணம் அதில்ல" என்றாள் தையல்நாயகி, தப்பான விடை எழுதிய பிள்ளையிடம் சொல்வது போல. மரகதவல்லி சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "முந்தாநேத்து ஜெசி கொழம்பு வச்சா. புளி கம்மி. கம்மிதான்னேன். ஆமால்லன்னா. சாப்ட்டோம், படுத்தோம். அவ்வளவுதான் டீச்சர். நீங்கன்னா புளியில என்ன அமிலம், அது ஏன் கொறஞ்சிச்சு, அடுத்த தடவ எத்தன நிமிசம் ஊறணும்…" "டார்டாரிக்" என்றாள் தையல்நாயகி. வாயிலிருந்து அதுவாகத்தான் வந்தது. "அதான். அதேதான்." மரகதவல்லி அவள் கையைப் பிடிக்க வந்தவர், மாங்காய் மசாலா ஒட்டியதும் எடுத்துக்கொண்டார். "மாசத்துக்கு ஒரு நா நீங்க பேசறதக் கேக்க எனக்கு அம்புட்டு ஆசை. சத்தியமாச் சொல்றேன். மொத ஞாயித்துக்கிழமைன்னா புதன்கிழமையே சேலை எடுத்து வச்சிருவேன். ஆனா தெனமும் பரீச்சை எழுத என்னால ஆகாது டீச்சர். எனக்கும் வயசாயிருச்சு."

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. வந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கிறது, பூச்சி வந்திருக்கும். செம்பருத்தி இரண்டு அடுக்கு. கொல்லையில் வெயில். இருபத்தாறு வருஷம் இவர் பரீட்சையா எழுதிக்கொண்டிருந்தார், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே? எத்தனை மதிப்பெண் போட்டோம். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடலாம், எல்லாக் கேள்விக்கும் முழு மதிப்பெண், நான் இனிமேல் வாயே திறக்க மாட்டேன், புளி எத்தனை போட்டாலும் சாப்பிடுகிறேன், தரையில் உப்பைக் கொட்டினாலும் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்ல வேண்டும், இதற்கு ஒரு வாக்கியம் போதும், எழுவாய் பயனிலை எல்லாம் தயாராக இருக்கிறது, வாயைத் திறந்தால் போதும். வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஜெசிந்தா கூவினாள்: "மரகி! தையலக்கா! ஓடியாங்க, ஓடியாங்க! ஒண்ணு கூட்டை ஒடச்சிக்கிட்டு வெளிய வருது!" "கூடு இல்ல" என்றாள் தையல்நாயகி. "கூடு அந்துப்பூச்சிதான் கட்டும். அது கூடு இல்ல, அதோட தோலு." மரகதவல்லி அவளை நிமிர்ந்து பார்த்தார். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து பார்த்த அதே பார்வை. பிறகு முட்டியில் கையை ஊன்றி எழுந்து, பெட்டிப் பக்கம் போனார்.

வெளிவாசல் அறையில் அன்றைக்கு நெரிசல். ஒரு கல்யாணக் கோஷ்டி, வேனிலிருந்து இறங்கிய பட்டுப்புடவைகள், எல்லோர் முதுகிலும் ஜரிகை. பேச்சியம்மாவுக்கு ஒவ்வொரு ஜரிகையிலும் கண் ஓட்டிப் பார்ப்பதற்குள் போதும் போதுமென்று ஆகியிருந்தது. "முதுகப் பாத்துக்கங்க, ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்கங்க." ஜெசிந்தா திரும்பி நின்றாள். ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை வட்டம். மரகதவல்லி அவள் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். கண்ணால்தான் பார்க்கிறார். இல்லை, கை போகிறது. இல்லை, பின்னலை விட்டார், அவ்வளவுதான். தடவினாரா தடவவில்லையா என்று தையல்நாயகியால் தீர்மானிக்க முடியவில்லை, ஒரு மாமியின் தோள் குறுக்கே வந்துவிட்டது. ஒன்று தடவியிருப்பார். அல்லது தடவியிருக்க மாட்டார். தடவியிருந்தால் அது எல்லோருக்கும் செய்வது, பதினோரு வருஷமும் எல்லோருக்கும் செய்வதைத்தான் எனக்கும் செய்திருக்கிறார். தடவாவிட்டால் அது எனக்கு மட்டுமே செய்தது, இனிமேல் இல்லாதது. எது தேவலை. "நீங்க திரும்புங்க டீச்சர்" என்றார் மரகதவல்லி. கையை நீட்டிக்கொண்டு நின்றார். "என் மேல என்னத்த வந்து உக்காரப்போகுது" என்றாள் தையல்நாயகி. "அட, திரும்புங்கக்கா, ஒரு நிமிசம்" என்றாள் ஜெசிந்தா. "டீச்சர்." "இருக்கட்டும் டீச்சர். கூட்டமா இருக்கு." முதுகைச் சுவர்ப்பக்கமாக வைத்துக்கொண்டு, நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து, பட்டுப்புடவைகளுக்கு நடுவில் நுழைந்து இரண்டாவது கதவைத் தள்ளினாள். வெளியே வெயில் அறைந்தது. அவர்கள் இருவரும் இன்னும் உள்ளேதான் இருந்தார்கள்.

டிக்கெட் வரிசையில் நின்றிருந்த ஒரு சின்னப் பெண், ஐஸ்கிரீம் ஒழுகும் கையோடு அவளையே பார்த்தது. அப்புறம் அவளைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்ப் பார்த்தது. "பாட்டி, ஒங்க முதுகுல பட்டாம்பூச்சி!" "எங்க?" "நடுவுல. குழாய நீட்டிக் குடிக்கிது பாட்டி." ரவிக்கையின் நடுமுதுகு நனைந்து ஒட்டியிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எப்போது வந்து உட்கார்ந்தது? பெஞ்சிலா? கருவேப்பிலைச் செடிக்குப் பின்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றபோதே வந்துவிட்டதா? "என்ன நெறம்?" என்று கேட்டாள், அசையாமல். "வெந்தயக் கலரு. ஓரத்துல கருப்பு. கருப்புல வெள்ளைப் புள்ளி." "இறக்கைய மூடுதா?" "மூடுது. தெறக்குது. மூடுது." அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயில் உச்சந்தலையில் இறங்கியது. ஒரு துளி வியர்வை கழுத்திலிருந்து புறப்பட்டு முதுகுத்தண்டு வழியாக மெதுவாகக் கீழே போயிற்று, அது எங்கே போய்ச் சேர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பின்னால் கதவு திறந்தது. "ஐயையோ அம்மா, அசையாதீங்க!" என்று பேச்சியம்மா கத்திக்கொண்டு வலையோடு ஓடிவந்தாள். சின்னப் பெண் அண்ணாந்து பார்த்தது. அதன் முகம் மேலே போகப் போக, தையல்நாயகி அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை வெளிவாசல் அறையில் எதிரெதிராக இரண்டு ஆளுயரக் கண்ணாடிகள் மாட்டப்பட்டிருந்தன. தனியாக வருபவர்கள் நடுவில் நின்று தங்கள் முதுகைத் தாங்களே பார்த்துக்கொள்ளவும் என்று அட்டையில் எழுதியிருந்தது.